தலை கேட்கும் பெண்

என் தங்கை வளர்மதி, மீனின் காதுக்குள் இருந்து கல் எடுப்பவள். வடதுருவக் கடல் சூடேறினால் அங்கே இருக்கும் மீன்கள் என்ன ஆகின்றன என்பது அவளுடைய ஆய்வு. ஆறு வருடமாக மான்ட்ரியலில் இருக்கிறாள். நாகப்பட்டினத்தில் அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவைத்திருப்பது, "கனடாவுல மீனுக்கு வைத்தியம் பாக்குறா" என்று. அக்டோபரில் எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்ததும் அம்மா மூன்று கிலோ பொடி வகைகளோடு ஒரு வேலையையும் கொடுத்தனுப்பினாள். "அவ என்னதான் பண்றான்னு பக்கத்துல இருந்து பாத்துட்டு வா."

சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். யார், எங்கே, எப்போது என்று கேட்டுப் பழகிவிட்டது. ஆனால் சொந்தத் தங்கையிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது விமானத்தில்தான் உறைத்தது.

வில்லரே பகுதியில் வளர்மதியின் வீடு இரண்டாம் மாடியில். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, இரும்பில் வளைந்து ஏறுகிறது. தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் இப்படித்தான். பனி கொட்டும் ஊரில் படியை ஏன் வெளியே வைத்தார்கள் என்று கேட்டேன். "உள்ள இடம் மிச்சம்னு வச்சாங்களாம். ஜனவரியில ஒவ்வொருத்தரும் வழுக்கி விழுந்து அந்த இடத்துக்கு விலை கொடுக்குறாங்க" என்றாள். இருபத்தொரு படி. பொடிப் பெட்டியை நான்தான் தூக்கினேன்.

தெருமுனையில் சிவம் அண்ணையின் கடை இருக்கிறது. பால், ரொட்டி, லாட்டரிச் சீட்டு விற்கும் இந்த மாதிரி முனைக்கடையை இங்கே எல்லோரும் தெப்பனர் என்கிறார்கள். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தொட்டவர். கல்லாவில் அவருடைய மகள் "பொன்ஜூர்" என்றாள். அப்பா தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"நாகப்பட்டினமோ? அப்ப எங்கட கடலின்ர மற்றக் கரை" என்றார் அண்ணை. "உங்கட தங்கச்சி என்னட்டை மீன் வாங்க வந்தா விலை கேக்க மாட்டா. தலையைத்தான் முதல் பாப்பா. நான் நினைச்சன், பிள்ளைக்குத் தலைக்கறியில விருப்பமாக்கும் எண்டு. பேந்துதான் விளங்கிச்சு, உள்ளுக்க கல்லுத் தேடுறா."

"சும்மா இருங்க அண்ணை" என்றாள் வளர்மதி. 'அண்ணை' என்று அவள் கூப்பிட்டது எனக்குப் புதிது. ஆறு வருடத்தில் அவள் தமிழும் கொஞ்சம் கடல் தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை மெட்ரோவில் ஆய்வகத்துக்குப் போனோம். இங்கே ரயிலுக்கு ரப்பர் சக்கரம். சத்தம் குறைவு என்பதாலோ என்னவோ, பயணிகளும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். நம் மின்சார ரயிலில் ஒரு பெட்டியில் நடக்கும் பேச்சு இங்கே ஒரு முழு ரயிலுக்குப் போதும்.

ஆய்வகத்தில் ஃபார்மலினும் மீனும் கலந்த வாசனை. நுண்ணோக்கியின் கீழ் ஒரு கல்லை வைத்துக் காட்டினாள். அரிசியைவிடச் சற்றே பெரிய வெள்ளைக் கல். குறுக்கே தேய்த்து மெலிதாக்கினால் உள்ளே மரத்தில் இருப்பது போல வளையங்கள் தெரிகின்றன. வருடத்துக்கு ஒன்று. நன்றாகத் தின்ற வருடம் அகலம், பட்டினி வருடம் ஒல்லி.

"மீன் தன்னோட டைரியைத் தலைக்குள்ள வச்சிருக்கு அக்கா. நாம படிக்கணும், அவ்வளவுதான்."

அவள் பார்ப்பது சால்மன் இனத்து மீன் ஒன்றை. வடக்கே இனுவிட் மக்கள் அதை இக்காலுக் என்கிறார்கள். கோடையில் மட்டும் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கி, இரண்டு மாதத்தில் வருடம் முழுமைக்கும் தின்றுவிட்டுத் திரும்பும். கடல் பனி சீக்கிரம் உடையத் தொடங்கிய பிறகு அந்த இரண்டு மாதத்தில் அது எதைத் தின்கிறது, உடம்பில் என்ன கொழுப்பு சேர்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரே வாரத்தில், ஒரே வளைகுடாவில், பன்னிரண்டு மீன். பிடிப்பவர் அந்த வளைகுடாக் கரையில் இருக்கும் ஊர்க்காரர் பீட்டா. தாடையில் எண் கட்டி, முழு மீனாக உறையவைத்து, விமானத்தில் அனுப்புவார். இது ஆறாவது வருடம், கடைசி வருடம். அடுத்த மாதம் வளர்மதி அந்த ஊருக்குப் போய் முடிவைச் சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டம் அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த வளைகுடாவில் இனி வலை போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்.

"நாளைக்குப் பெட்டி வருது" என்றாள். "உருகிட்டா கொழுப்பு கெட்டுடும். அப்புறம் ஆறு வருஷம்னு சொல்ல முடியாது. அஞ்சோட நிக்கும்."

வெள்ளிக்கிழமை ஆய்வகத்து வண்டி பழுது. சிவம் அண்ணை தன் கடை வேனோடு வந்தார். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் மூன்று நீல நிற ஐஸ் பெட்டிகள், வெள்ளி நிற டேப் சுற்றி, வளர்மதியின் பெயரோடு இருந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கினோம். திரும்பும் வழியெல்லாம் சாலை வேலை. மான்ட்ரியலில் மரங்களுக்கு அடுத்து அதிகம் நட்டிருப்பது ஆரஞ்சு நிறக் கூம்புகளைத்தான். "இந்தக் கூம்புகள் நான் வந்த வருசமே இதில நிண்டது. எனக்கு முந்தியே அதுகளுக்குச் சிட்டிசன்சிப் கிடைச்சிருக்கும்" என்றார் அண்ணை.

ஆய்வகத்தில் முதல் பெட்டியில் கடல் நீர்ப் புட்டிகள். இரண்டாவதில் சேறு. மூன்றாவதைத் திறந்ததும் வளர்மதி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

உள்ளே மீன் இருந்தது. ஆனால் துண்டு துண்டாக. பக்கத்தில் கொழுப்போடு சதுரமாக வெட்டிய திமிங்கிலத் தோல், இறகு பறித்த இரண்டு வாத்து, ஒரு பை நிறையக் கறுப்புப் பழம், ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. எந்தத் தாடையிலும் எண் இல்லை. தாடையே இல்லை.

"இது யாரோட சாப்பாடோ" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவளுக்குப் பயம் வந்தால் குரல் இறங்கும், சின்ன வயதிலிருந்தே.

காலுறைக்குள் ஒரு சீட்டு இருந்தது. முக்கோணமும் வளைவும் கொக்கியுமாக, எனக்குக் கோலம் போலத் தெரிந்தது. வளர்மதி விரல் வைத்து, உதடு அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இனுவிட் எழுத்தாம். ஒரே எழுத்து மேலே பார்த்தால் ஓர் உயிர், பக்கவாட்டில் திரும்பினால் வேறோர் உயிர். நம் உயிர்மெய் போலத்தான், கொம்பும் காலும் மட்டும் கிடையாது, எழுத்தே திரும்பிக்கொள்கிறது. ஊர்க்காரர்களுக்கு அனுப்பும் தாள்களை அவர்கள் எழுத்திலும் எழுத வேண்டும் என்பதால் கற்றுக்கொண்டாளாம். இதை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

"லூசி. தோமாசிக்குத் தினமும் கொஞ்சம் கொடு. மற்றது எல்லாருக்கும். காலுறை அன்னா பின்னியது. பீட்டா."

வளர்மதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லூசி, பீட்டாவின் அக்கா என்று பீட்டா முன்பே சொல்லியிருந்தாராம். கணவர் தோமாசிக்கு வைத்தியம் பார்க்க மான்ட்ரியலுக்கு வந்து, வடக்கிலிருந்து வரும் நோயாளிகள் தங்கும் விடுதியில் இருக்கிறார். ஆய்வு மீன் பெட்டியையும் அக்காவுக்கான சாப்பாட்டுப் பெட்டியையும் பீட்டா ஒரே நாளில் கட்டியிருக்கிறார். பெயர் மாறி ஒட்டிவிட்டது. எண் கட்டிய பன்னிரண்டு மீனும் இப்போது லூசியிடம்.

வளர்மதி பீட்டாவின் வீட்டுக்குப் போன் செய்தாள். பீட்டா சீல் வேட்டைக்குப் போயிருந்தார். மனைவி அன்னா எடுத்தார். சிரிப்பு எங்களுக்கே கேட்டது. வளர்மதி பிறகு சொன்னது: "ரெண்டு பெட்டியும் கிச்சன் தரையில பக்கத்து பக்கத்துல இருந்துச்சாம். நாய் உள்ள வந்துடுச்சாம். பெட்டிய அவசரமா நகர்த்தினதுல இடம் மாறிப்போச்சாம்."

"லூசிக்குப் போன் பண்ணலாமே" என்றேன்.

"எடுக்க மாட்டாங்கன்னு அன்னாவே சொல்லிட்டாங்க. ஊர்லேர்ந்து பெட்டி வந்த அன்னைக்கு யாரு போன் எடுப்பான்னு கேக்குறாங்க." அவள் மூடியை அழுத்தி மூடினாள். "இவங்க பெட்டி வந்தா எடுத்து வைக்க மாட்டாங்க அக்கா. அன்னைக்கே விடுதியில இருக்குற எல்லாரையும் கூப்பிட்டு உக்காந்துருவாங்க. எனக்கு அவங்களத் தெரியும்."

எதிரே ஆளுயர ஃப்ரீசர் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியை அதில் வைத்துவிட்டு ஓடுவோம் என்றேன். நேரம் மிச்சமாகும், வேனில் இடமும் கிடைக்கும்.

"இதுல மனுசங்க சாப்பாடு வைக்கக் கூடாது. மருந்தெல்லாம் இருக்கு. தூக்கு."

ஆறு வருட உழைப்பு எங்கோ ஒரு சமையலறையில் உருகிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்திலும் அவள் யாரோ ஒருவருடைய வாத்தையும் பழத்தையும் நினைத்தாள். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியபோது எனக்கு முதல் தடவையாக, அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கத் தொடங்கியது.

விடுதி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பு கிளம்பிய அதே இடத்துக்கு, அதே கூம்புகளுக்கு நடுவே திரும்பினோம். ஒரு பாலத்தடியில் இருபது நிமிடம் நகரவில்லை. அண்ணை ஹாரனைத் தொடவில்லை. "அடிச்சு என்ன? முன்னுக்கு நிக்கிறவனும் என்னை மாதிரி ஒருத்தன்" என்றார். பிறகு கண்ணாடியில் வளர்மதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, யோசியாதையுங்கோ. மீன் காய்ச்ச அடுப்பு மூட்டவே அரை மணித்தியாலம் வேணும்" என்றார்.

"அவங்க அடுப்பு மூட்ட மாட்டாங்க அண்ணை" என்றாள் வளர்மதி.

அது எனக்கு உணவுக்கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் புரிந்தது. மேசைகள் இருந்தன, யாரும் அதில் இல்லை. தரையில் பெரிய அட்டையை விரித்து அதைச் சுற்றிப் பதினோரு பேர். எண்ணினேன். நடுவே கல்லாய் உறைந்த மீன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், பிறைபோல் வளைந்த கத்தியால் அதைச் சீவிச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார். பச்சையாக, உறைந்தபடியே தின்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். அவர்தான் தோமாசி என்று தெரிந்தது. சீவிய முதல் துண்டு எப்போதும் அவருக்குத்தான் போனது.

கத்தி பிடித்திருந்தவர் தலை நிமிர்ந்தார். வளர்மதியை மேலும் கீழும் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நீதானா அந்தத் தலை கேட்கும் பெண்?"

வட்டமே சிரித்தது. அந்த ஊரில் அவளுக்கு அதுதான் பெயராம். மீன் பிடிக்கிறவர்களிடமெல்லாம் போய்த் தலை கேட்டால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

"நான்தான்" என்றாள் வளர்மதி. "உங்கள் சாப்பாடு என்னிடம் வந்துவிட்டது. கொண்டுவந்திருக்கிறேன். என் மீன்…"

லூசி கத்தி முனையால் சுவரோரம் காட்டினார். நீலப் பெட்டி, மூடி இறுக்கி, மேலே இரண்டு தலையணை போர்த்தி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு மீன் தலை, தாடையில் எண்ணோடு. இன்னொரு சிறிய பையில் இரண்டு இரைப்பை, வாய் முடிச்சிட்டு.

"எண்ணைப் பார்த்ததுமே உன் மீன் என்று தெரிந்துவிட்டது" என்றார் லூசி. "என் தம்பி எண் தொலைந்தால் சத்தம் போடுவான். தலையையும் இரைப்பையையும் பத்திரமாக வைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஒன்றை வெட்டிவிட்டேனே."

"ஒன்றா? இரண்டு தலை இருக்கிறதே" என்றாள் வளர்மதி.

"பதினோரு பேருக்கு ஒன்று எப்படிப் போதும்?"

மறுபடியும் சிரிப்பு. வளர்மதி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்து மீன். பாறை மாதிரி. தெர்மாமீட்டரை நீட்டிப் பார்த்து, மூடியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டென்று கண் நிறைந்தது. அப்பா போனபோதும் நான் பார்க்காத அழுகை. சக்கர நாற்காலியிலிருந்து தோமாசி ஏதோ சொல்ல, ஒருவர் நகர்ந்து அட்டையருகே அவளுக்கு இடம்விட்டார்.

லூசி ஒரு சீவலை நீட்டினார். வளர்மதி ஒரு நொடி பார்த்தாள். அது ஏழாம் எண் மீன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒன்று வந்தது. முதலில் குளிர் மட்டும். பற்களில் கூசியது. மென்றபின் கொழுப்பு இளகி நாக்கில் பரவியது. மத்தியைவிட இதம், கவிச்சி கிடையாது. இரண்டாவது துண்டை நானே எடுத்தேன்.

சிவம் அண்ணைக்கும் நீட்டினார்கள். அவர் ஓரடி பின்வாங்கினார். "ஐயோ, இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் தொடுறேல்லை. தங்கச்சி, வடிவா விளங்கப்படுத்துங்கோ, அவை குறை நினைக்கப் போகினம்."

வளர்மதி விளக்கினாள். லூசி தலையாட்டினார். தங்களுக்கும் சில நாளில் சிலது ஆகாது என்றார். அண்ணைக்குப் பழப் பை போனது. "நாளைக்கெண்டா நான் ஒரு கை பாத்திருப்பன்" என்றார் அவர், தலைகளை ஓரக்கண்ணால் பார்த்தபடி. வெள்ளிக்கிழமைக்கு அவர் அவ்வளவு நன்றியோடு இருந்து நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைத்தான் நான் செய்தியாக எழுதுவேன். லூசி ஒரு சீவலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெளுத்துவிட்டது, பார். என் அப்பா காலத்தில் இது அதோ அந்த நிறம்." வளர்மதியின் சிவப்புக் கம்பளித் தொப்பியைக் காட்டினார். "இப்போது எதைத் தின்கிறது?"

"தெற்கிலிருந்து வரும் சிறு மீன்களை. முன்பு கூனி மாதிரி ஓட்டுயிர்களை நிறையத் தின்றது. சிவப்பு அதிலிருந்துதான்" என்றாள் வளர்மதி. "ஆறு வருடமாக இரைப்பையில் பார்க்கிறோம்."

"ஆறு இல்லை. என் அக்கா இறந்த கோடையில் முதல் வெளுத்த மீனை நான்தான் அறுத்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. இரைப்பையில் வெள்ளிக்கம்பி மாதிரிக் குட்டி மீன்கள். யாரும் பார்த்ததில்லை. நாய்க்குப் போட்டோம்."

வளர்மதி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். எந்த மாதம், வளைகுடாவின் எந்தப் பக்கம், ஆற்று வாயா, வெளிக்கடலா, எத்தனை மீனில், அந்த வருடம் பனி எப்போது உடைந்தது. ஒன்றையும் விடவில்லை. ஒரு பதிலுக்கும் தன் வார்த்தையைத் திணிக்கவில்லை. லூசி யோசிக்கும்போது பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தக் காத்திருத்தலைச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தரையில் சம்மணமிட்டு, விரலில் மீன் கொழுப்போடு, என் தங்கை அதைச் சர்வ சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் கர்வமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இதை எழுதலாமா? உங்கள் பெயரோடு?" என்று கேட்டாள்.

"பார்த்தது நான். வேறு யார் பெயரைப் போடுவாய்?" என்றார் லூசி.

சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். பூசணியும் ஆப்பிளும் மலைமலையாகக் குவிந்திருந்தன. மீன் கடையில் விற்பவர் வளர்மதியைக் கண்டதும் தானாகவே ஒரு தலையைத் திருப்பிக் காட்டினார். இந்த ஊரில் அவளுக்குக் கேட்காமலே கிடைக்கும் மரியாதை அது.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் பன்னிரண்டு மீனுக்கும் தாள் நிரப்பினாள். பத்து மீன் முழுசு. கொழுப்பு எடுத்தாயிற்று, ஆறாவது வருடம் சேர்ந்தாயிற்று. ஏழாம் எண்ணுக்கும் பதினோராம் எண்ணுக்கும் காதுக்கல் உண்டு, இரைப்பை உண்டு, தசை இல்லை. ஏன் இல்லை என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்த இரண்டு எண்ணையும் பேசாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டேன். அவள் அந்தக் கட்டத்தில் எழுதினாள்: "உண்ணப்பட்டது. உண்டவர்களில் ஆய்வாளரும் ஒருவர்."

அவளுடைய பேராசிரியை வந்து தாளைப் பார்த்தார். கியூபெக்காரர், நரைத்த குட்டை முடி, நின்றபடியே படிப்பவர். முதல் பக்கத்தில், ஆய்வு தொடங்குவதற்கு மூன்று வருடம் முந்தைய ஆண்டுக்கு நேராக ஒரு புதிய வரி சேர்ந்திருந்தது: வெளுத்த தசை, முதல் முறை. கவனித்தவர் என்ற இடத்தில் லூசியின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு முறை, அவருடைய எழுத்தில் ஒரு முறை. பேராசிரியை அதில் விரலை வைத்து, "இதுதான் ஊர்க்கூட்டத்தில் முதலில் வர வேண்டும்" என்றார். "லூசியும் அங்கே இருக்க முடியுமா, கேள்."

பிறகு ஏழாம் எண்ணுக்கு வந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"இதை இப்படியே விடப் போகிறாயா?"

"நடந்தது அதுதானே" என்றாள் வளர்மதி.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அக்காதானே. அன்று அங்கே இருந்தீர்களா?"

இருந்தேன் என்றேன்.

"சாப்பிட்டீர்களா?"

"இரண்டு துண்டு."

அவர் பேனாவை வளர்மதியிடம் நீட்டினார். "அப்படியானால் தாளில் பிழை இருக்கிறது. திருத்து."

வளர்மதி அந்த வரியில் ஒரு சொல்லை அடித்து, மேலே எழுதி, பக்கத்தில் தன் முதலெழுத்தை இட்டாள். வடதுருவக் கடலைப் பற்றிய ஆறு வருட ஆய்வில், ஏழாம் எண் மீனுக்கு நேராக இப்போது இப்படி இருக்கிறது: "உண்டவர்களில் ஆய்வாளரும் அவருடைய அக்காவும் அடக்கம்."